நான்கு வயது மகள், இரண்டு வயது மகன்: செலவில்லாமல் மாலை நேரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள்?

கேள்வி: இரண்டு பிள்ளைகளின் அப்பா

வணக்கம். என் மகளுக்கு நான்கு வயது. மகனுக்கு இரண்டு முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. மனைவிக்கு மாலை ஷிப்ட். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். அதிலிருந்து பிள்ளைகள் தூங்கும் வரை வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்க்காத எனக்கு இதுதான் அவர்களோடு கிடைக்கிற நேரம். ஆனால் அது நல்லபடியாகப் போவதில்லை. நான் வந்ததும் மகள் "போன் குடுப்பா" என்கிறாள். கொடுத்தால் வீடு அமைதியாகிவிடுகிறது, திரும்ப வாங்கும்போது பெரிய அழுகை. கொடுக்காவிட்டால் "என்ன பண்றது, என்ன பண்றது" என்று காலையே சுற்றி வருகிறாள். அவள் எதையாவது கட்டி விளையாட ஆரம்பித்தால் சின்னவன் ஓடிப்போய்த் தட்டிவிடுகிறான். அப்புறம் இரண்டு பேரும் அழுகிறார்கள்.

இணையத்தில் தேடிப் பார்த்தேன். படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் வண்ணக் கற்கள், விசேஷப் பசை, பல நிறத்தில் தாள் என்று ஒரு பட்டியலே வாங்கச் சொல்கிறார்கள். இருப்பதை வைத்து நானே அரை மணி நேரம் வெட்டி ஒட்டி ஏதாவது தயார் செய்தால், பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். கூடை நிறைய பொம்மை இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை.

இப்போது புதிதாக எதையும் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. வீடும் சின்னது. ஓடியாட முற்றம் கிடையாது. சமையல், பாத்திரம், துணி எல்லாம் அதே நேரத்தில் நடந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் நிஜமாகவே பலித்தது எது என்று சொல்லுங்கள்.

பதில்: ஐந்து வயதுப் பையனின் அப்பா

ஒரு பெரிய அட்டைப்பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். ஏதாவது கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். தரையில் வைத்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள். என் மகன் முதலில் உள்ளே ஏறி உட்கார்ந்தான், அப்புறம் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஊர்ந்தான், அப்புறம் கதவு வெட்டித் தரச் சொன்னான். வெட்டுவது மட்டும்தான் என் வேலை. எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு பெரிதாக என்று அவனே க்ரேயானால் கோடு போட்டுக் காட்டினான். பல வாரம் அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது, கடைசியில் பிய்ந்து தட்டையான பிறகு அதன்மேல் படம் வரைந்தான்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் தேசிய பொம்மைப் புகழ் மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. காலம் கடந்து நிற்கும் பொம்மைகளை அதில் சேர்ப்பார்கள். 2005-இல் அட்டைப்பெட்டியைச் சேர்த்தார்கள். 2008-இல் மரக்குச்சியைச் சேர்த்தார்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்று டார்ச். விளக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்து டார்ச்சை வைத்து, நடுவில் கையை நீட்டச் சொல்லுங்கள். கையை டார்ச்சுக்குக் கிட்டே கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், சுவருக்குக் கிட்டே கொண்டுபோனால் சின்னதாகும். இதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிறகு கரண்டி, சீப்பு, வடிகட்டி என்று வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்து வந்து நிழல் பார்ப்பார்கள். ஓட்டை உள்ள சாமான்களின் நிழல் என் பையனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சத்தம் தாங்குமென்றால் உலோகக் குவளைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக்கூட ஓசை கனமாகிக்கொண்டே போகும்.

பதில்: ஓய்வு பெற்ற பாலர் வகுப்பு ஆசிரியை

தம்பி, நான் பல வருடம் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்தவள். இப்போது வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு இடத்தைத் திரும்பப் படித்தேன். அரை மணி நேரம் நீங்கள் தயார் செய்கிறீர்கள், பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள் என்கிறீர்கள். அந்த அரை மணி நேரத்தில் வெட்டியது நீங்கள், ஒட்டியது நீங்கள், இது சரியாக வருமா என்று யோசித்துப் பார்த்ததும் நீங்கள். ருசியான பங்கு முழுவதும் உங்களிடமே தீர்ந்துவிட்டது. பிள்ளைக்கு மிஞ்சியது முடிந்துபோன ஒரு சாமான். அதை அவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்? அந்தத் தயாரிப்பையே அவளிடம் கொடுத்துவிடுங்கள். கோணல்மாணலாகத்தான் வெட்டுவாள். முனை மழுங்கிய கத்தரிக்கோலும் பழைய செய்தித்தாளும் கொடுத்து, "வெட்டு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே வேண்டாம். என் வகுப்பில் நான்கு வயதுப் பிள்ளைகள் தாளைத் துண்டு துண்டாக வெட்டுவதையே முழு வேலையாகச் செய்துகொண்டிருப்பார்கள்.

அடுத்தது அந்தப் பொம்மைக் கூடை. அதில் முக்கால்வாசியைக் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். நாலைந்து மட்டும் தரையில் இருக்கட்டும். அமெரிக்காவில் உள்ள டொலிடோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையான 36 குழந்தைகளை ஒரு முறை 16 பொம்மைகளோடும், இன்னொரு முறை 4 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதைப் பல விதமாகவும் விளையாடினார்கள். சில வாரம் கழித்து உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, வெளியே இருப்பதை உள்ளே வையுங்கள். புதிதாக வாங்கி வந்த மாதிரி ஓடி வருவார்கள்.

இப்போது உங்கள் மாலை நேரத்துக்கு வருகிறேன். வீட்டுக்குள் வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போகாதீர்கள். பத்து நிமிடம் தரையில் உட்காருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். விளையாட்டு எதையும் ஆரம்பித்துவைக்க வேண்டாம். சின்னவன் எதையாவது எடுத்து வந்து காட்டுவான். அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். அவன் பதிலுக்கு ஒரு சத்தம் போடுவான், அல்லது அடுத்த சாமானை எடுக்க ஓடுவான். பெரியவள் மடியில் ஏறுவாள். பகல் முழுக்க உங்களைப் பார்க்காத பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது நீங்கள்தான். அது கிடைக்காதபோதுதான் காலைச் சுற்றுகிறார்கள். இந்தப் பத்து நிமிடத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால் அடுத்து வரும் ஒரு மணி நேரம் எவ்வளவு இலகுவாகப் போகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

அப்புறம் வீட்டு வேலை. பிள்ளைகளை எங்கேயாவது உட்காரவைத்துவிட்டு வேலையை முடிக்கலாம் என்று நினைப்பதால்தான் நமக்கு இரண்டு மடங்கு சிரமம். வேலைக்குள்ளேயே அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலியக் கல்வியாளர் 1907-இல் ரோம் நகரத்தில், சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பாலர் பள்ளியைத் திறந்தார். நல்ல பொம்மைகள் அங்கே இருந்தும், பிள்ளைகள் அதை விட்டுவிட்டு நிஜ வேலைகளைத் தேடிப் போனதைப் பார்த்து எழுதியிருக்கிறார். நானும் என் வகுப்பில் இதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். விளையாட்டுத் துடைப்பத்தைக் கொடுத்தால் ஒரு ஓரமாகப் போட்டுவிடும் பிள்ளை, நிஜத் துடைப்பத்தைக் குட்டையாக நறுக்கிக் கொடுத்தால் கீழே வைக்காது.

துவைத்துக் காய்ந்த துணியைத் தரையில் கொட்டுங்கள். சின்னவனுக்கு ஒரே வேலை: அம்மா துணி ஒரு பக்கம், அப்பா துணி ஒரு பக்கம். மகளுக்கு சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, கைத்துண்டு மடிப்பது. பாத்திரம் கழுவி வைத்த பிறகு மூடிகளையெல்லாம் கலைத்துப் போட்டு, எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்று அவளே பொருத்திப் பார்க்கட்டும். பெரியது, சின்னது, பொருந்துகிறது, பொருந்தவில்லை என்பதெல்லாம் கையாலேயே தெரிந்துவிடும். சாப்பிட உட்காரும் முன் ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு குவளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எண்ணுவதை நான் வகுப்பில் இப்படித்தான் ஆரம்பிப்பேன். ஒன்று, இரண்டு என்று ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகூட, ஆளுக்கு ஒன்று வைக்கச் சொன்னால் முதலில் திணறும்.

மடித்த துணி கோணலாக இருந்தால் அவள் எதிரில் பிரித்து மடிக்காதீர்கள். அப்படியே அலமாரியில் வையுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு தட்டை வையுங்கள், அதற்கு அடியில் ஒரு துண்டு விரியுங்கள். தட்டின் மேல் இரண்டு கிண்ணம், ஒன்றில் கொஞ்சம் தண்ணீர், கூடவே ஒரு ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்சை முக்கிப் பிழிந்து, ஒரு கிண்ணத்தில் இருப்பதை மற்றதற்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இரண்டு வயதுக் கைக்கு அது நல்ல வேலை, பின்னால் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு வேண்டிய பலம் அந்தப் பிழிதலிலும் சேருகிறது. மகளுக்குப் புனல், குறுகலான பாட்டில், அகலமான கிண்ணம் கொடுங்கள்.

அவளோடு இதையும் செய்து பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு குவளையில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, இரண்டும் ஒரே அளவுதானே என்று கேளுங்கள். ஆமாம் என்பாள். அவள் கண் எதிரிலேயே ஒன்றை உயரமான, ஒல்லியான குவளைக்கு மாற்றுங்கள். இப்போது எதில் அதிகம்? பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டுவாள். பியாஜே என்ற உளவியலாளர் இதை வைத்துத்தான் சிறு பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஏழு வயதை ஒட்டித்தான் இது மாறும் என்றார். அதனால் "தப்பு" என்று திருத்த வேண்டாம். "அப்படியா, திருப்பி ஊற்றிப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். அவள் முகத்தில் ஓடும் யோசனையைப் பார்ப்பது எனக்கு இந்த வயதிலும் அலுக்காத காட்சி.

தண்ணீர் வேலை நடக்கும்போது நீங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கதவைத் திறக்க, போனை எடுக்க என்று ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது. சில அங்குலத் தண்ணீரிலேயே சின்னப் பிள்ளைகள் மூழ்கிவிட முடியும், அதுவும் சத்தமில்லாமல். விளையாடி முடிந்ததும் வாளி, கிண்ணம் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, முந்தின பதிலில் சொன்ன டார்ச்சுக்கு. சின்ன டார்ச் சிலவற்றில் வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாகப் பார்த்து எடுங்கள். மூடி, பட்டன், மணி போன்ற சாமான்களைக் கொடுக்கும் முன், டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய்க்குள் போட்டுப் பாருங்கள். அதற்குள் போகிற எதுவும் மூன்று வயது ஆகாத பிள்ளை கைக்குப் போகக் கூடாது.

பதில்: இரட்டைப் பிள்ளைகளின் அம்மா

அக்கா கட்டுவதைத் தம்பி தட்டிவிடுவது பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே வயது, அதனால் இந்தச் சண்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் மகன் கெடுதல் செய்ய நினைத்து அதைச் செய்யவில்லை. விழுவதைப் பார்ப்பதுதான் அவனுக்கு விளையாட்டு. கட்டுவது அவளுக்கு விளையாட்டு. மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932-இல் எழுதியது இன்றைக்கும் சொல்லப்படுகிறது. சின்ன வயதில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள். ஒன்றாகச் சேர்ந்து, நீ இது நான் அது என்று பிரித்துக்கொண்டு விளையாடுவது பின்னால் வருகிறது. ஆகவே இரண்டு வயதுப் பையனிடம் "அக்காவோடு சேர்ந்து விளையாடு" என்று சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் விளையாடினாலே போதும்.

நான் செய்வது இதுதான். ஒரே மாதிரி சாமான், இரண்டு இடம், இரண்டு வேலை. மேசை மேல் அவள் கட்டட்டும், அவன் கைக்கு எட்டாது. தரையில் நீங்கள் காலி டப்பாக்களை அடுக்குங்கள், அவன் தள்ளட்டும். "ஒன்று, இரண்டு, மூன்று" சொன்ன பிறகுதான் தள்ள வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். முதலில் ஒன்றிலேயே தள்ளிவிடுவான். பரவாயில்லை, கொஞ்ச நாளில் மூன்று வரை பொறுப்பான். அந்தப் பொறுமையை வெறும் வாயால் சொல்லி வரவைக்க முடியாது. சில நாளில் உங்கள் மகளே வந்து அவனுக்காக அடுக்கித் தருவாள், ஏனென்றால் அவன் சிரிக்கிற சிரிப்பு அப்படி இருக்கும்.

அழுகை வந்த பிறகு யார் முதலில் செய்தது என்று விசாரிக்காதீர்கள். "நீ கட்டியது விழுந்துவிட்டது, கஷ்டமாக இருக்கிறதா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவனை அணைத்துத் தூக்கி வேறு பக்கம் கொண்டுபோங்கள். வழக்கு நடத்தினால் இரண்டு பேரும் இன்னும் அழுவார்கள்.

வீட்டுக்குள்ளேயே உடம்பை அசைக்கவும் வழி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குள்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு வேண்டும். மூன்று, நான்கு வயது என்றால் அதில் ஒரு மணி நேரமாவது நன்றாக மூச்சு வாங்குகிற மாதிரி இருக்க வேண்டும். மொத்தமாக இல்லை, நாள் முழுக்கச் சிதறி வந்தால் சரி. படிக்கும்போது மலைப்பாக இருக்கும், ஆனால் தலையணை தாண்டுவது, நாற்காலிக்கு அடியில் ஊர்ந்து போவது, தவளை மாதிரி குதித்துக் குளியலறைக்குப் போவது எல்லாம் இதில் சேர்ந்துவிடும்.

எளிதில் பிய்ந்து வரும் தாள் டேப் வீட்டில் இருந்தால் தரையில் ஒரு நீளக் கோடு ஒட்டுங்கள். கோட்டின் மேல் நடக்க வேண்டும், பின்னால் நடக்க வேண்டும், தலையில் ஒரு சின்னத் துணியை வைத்துக்கொண்டு விழாமல் நடக்க வேண்டும். டேப் இல்லையா, ஒரு கயிறு போதும். விளையாடி முடிந்ததும் கயிற்றை எடுத்துவிடுங்கள், கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். செய்தித்தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள், கிழித்ததை உருண்டையாகச் சுருட்டச் சொல்லுங்கள், உருண்டைகளை வாளிக்குள் எறியச் சொல்லுங்கள். சின்னவன் வாளிக்குப் பக்கத்தில் நிற்கட்டும், பெரியவள் நாலு அடி தள்ளி நிற்கட்டும். கடைசியில் குப்பையைக் கூட்டுவதும் விளையாட்டில் சேர்த்தி.

கேட்டவர்: இரண்டு பிள்ளைகளின் அப்பா

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் தயாரிப்பைப் பற்றிச் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. வந்ததும் தரையில் உட்காருவதை இந்த வாரம் ஆரம்பித்தேன். சின்னவன் என் செருப்பை எடுத்து வந்தான், அதைத் திரும்ப வைத்துவிட்டு வந்தான், மறுபடி எடுத்து வந்தான். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அன்றைக்கு என் காலை யாரும் சுற்றவில்லை. ஸ்பாஞ்ச் விளையாட்டில் சின்னவனைவிட மகள்தான் அதிக நேரம் இருந்தாள். டப்பா தள்ளுவதும் வீட்டில் இப்போது தினசரி.

இன்னும் இரண்டு கேள்வி. போனை முழுவதுமாக நிறுத்துவது எங்களுக்குச் சாத்தியம் இல்லை. சமைக்கும்போது அடுப்புப் பக்கம் யாரும் வராமல் இருக்க அது கொஞ்சம் உதவுகிறது. எப்படி அளவாக வைப்பது? அடுத்து, தூங்கும் நேரத்தில் கதை சொல் என்கிறாள் மகள். எனக்குக் கதை சொல்ல வராது. வீட்டில் படப்புத்தகம் ஒன்றிரண்டுதான் இருக்கிறது. திரும்பத் திரும்ப அதையே படிக்கலாமா?

பதில்: ஓய்வு பெற்ற பாலர் வகுப்பு ஆசிரியை

சந்தோஷம் தம்பி. செருப்பை எடுத்து வந்து வைப்பதும் விளையாட்டுதான், நல்ல விளையாட்டு.

போனைப் பற்றி. மேலே சொன்ன அதே 2019 வழிகாட்டுதலில் திரை நேரமும் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்கிறார்கள். அடுப்பு வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் என்று நீங்கள் வைத்துக்கொண்டால் அந்த அளவுக்குள் வந்துவிடும். அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை, சுடுதண்ணீர் பக்கம் பிள்ளை வராமல் இருப்பது முக்கியம். ஆனால் நீங்கள் வீட்டுக்குள் நுழைகிற நேரமும் தூங்கப் போகிற நேரமும் போனுக்கு வேண்டாம்.

"பத்து நிமிடம்தான்" என்று சொன்னால் நான்கு வயதுக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவில் பிடுங்கினது போலத்தான் அவளுக்கு இருக்கும். "இந்த ஒரு வீடியோ முடிந்ததும் நீயே அணைத்து என்னிடம் கொண்டு வா" என்று சொல்லுங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடாதபடி அமைப்பை மாற்றி வைத்துவிடுங்கள், இது முக்கியம். அவள் போனைக் கொண்டு வரும்போது அடுத்த வேலை தயாராக இருக்கட்டும்: "வா, தட்டு எடுத்து வைக்கலாம்." கை வெறுமையாக இருந்தால்தான் அழுகை நீளும்.

சில நாள் அப்படியும் அழுவாள். அழட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். போனை மட்டும் திரும்பக் கொடுக்காதீர்கள்.

"என்ன பண்றது" என்று கேட்டால் உடனே ஒரு யோசனை கொடுக்க வேண்டாம். "எனக்கும் தெரியலையே, என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். கொஞ்ச நேரம் சும்மா சுற்றுவாள். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒன்று தோன்றும். என் பேத்தி அப்படிச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டில் உள்ள செருப்பையெல்லாம் வரிசையாக நிறுத்திப் பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்தாள். அந்த விளையாட்டை நான் யோசித்துக் கொடுத்திருக்க முடியாது.

கதைக்கு வருவோம். கதை சொல்ல வராது என்கிறீர்கள், இங்கே எங்களுக்கு உங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னது கதை மாதிரிதான் இருந்தது. அன்றைக்கு நடந்ததையே சொல்லுங்கள். ஒரு குட்டி யானை இருந்தது, அதற்கு ஒரு தம்பி யானை. குட்டி யானை உயரமாக ஒன்று கட்டியதாம், தம்பி யானை என்ன செய்ததாம்? இந்த இடத்தில் நிறுத்துங்கள். மீதியை அவளே சொல்வாள். பெயரை மாற்றிச் சொன்னால், தனக்கு வந்த கோபத்தைக்கூட அந்த யானைக்கு வந்த மாதிரி பேசுவாள். நாமாகக் கேட்டால் அவ்வளவு சொல்ல மாட்டாள்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாமா என்றால், தாராளமாகப் படிக்கலாம். அடுத்து வருவது தெரிந்திருப்பதில்தான் அவர்களுக்கு ருசி. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அவளைப் பேசவையுங்கள். இந்தப் படத்தில் யார் இருக்கிறார்கள், ஏன் ஓடுகிறார்கள், இதே மாதிரி நீ எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள். அவள் "நாய்" என்றால் "ஆமாம், ஈரமான நாய்" என்று ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லுங்கள். வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1988-இல் இதை ஆய்வாகவே வெளியிட்டார்கள். வீட்டில் ஒரு மாதம் இப்படிக் கேள்வி கேட்டுப் படித்துக் காட்டிய பெற்றோரின் பிள்ளைகள், வழக்கம்போல வாசித்துக் காட்டியவர்களின் பிள்ளைகளைவிடப் பேச்சில் முன்னேறியிருந்தார்கள். பொது நூலகம் பக்கத்தில் இருந்தால் வாரம் ஒரு முறை கூட்டிப்போங்கள், எந்தப் புத்தகம் என்பதை அவளே எடுக்கட்டும். நமக்குப் பிடிக்காததைத்தான் எடுப்பாள், எடுக்கட்டும்.

பதில்: இரவு வேலை பார்க்கும் ஒரு அம்மா

உங்கள் மனைவி இடத்தில் இருந்து நான் எழுதுகிறேன். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் வீட்டில் இல்லாத அம்மாவுக்கு மனதில் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு மாலை என்ன நடந்தது என்று பிள்ளையிடம் கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் பதில் வரும். அதனால் என் கணவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். மாலையில் செய்ததில் ஒரு சாமான், வெட்டிய தாளோ, வரைந்ததோ, வழியில் பொறுக்கிய இலையோ, அதைச் சாப்பாட்டு மேசையின் ஒரே மூலையில் வைத்துவிடுவார். காலையில் நான் அதைக் கையில் எடுத்து "இது என்ன?" என்றால் போதும், மகள் முழுக் கதையையும் சொல்லிவிடுவாள். எனக்கு அந்தப் பத்து நிமிடம் ரொம்பப் பெரியது. எதை வைப்பது என்று பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்.

இலை என்றதும் ஞாபகம் வருகிறது. வெளிச்சம் இருக்கும் நாளில் வாசலை விட்டு இறங்கி ஒரு சின்ன நடை போங்கள், ஆனால் அவர்கள் வேகத்தில். எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. ஒரு பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எறும்பு வரிசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் நீங்களும் உட்காருங்கள். வீட்டுக்கு வந்து இலைகளை நீளமானது, வட்டமானது, ஓட்டை விழுந்தது என்று பிரிப்பார்கள். இலைக்கு மேல் மெல்லிய தாளை வைத்து க்ரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் தாளில் வரும்.

மேசையில் வைப்பதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது உப்பு மாவு. மைதா மாவு இரண்டு குவளை, தூள் உப்பு ஒரு குவளை, தண்ணீர் ஒரு குவளை. தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். அளந்து போடுவது பெரியவள், பிசைவது சின்னவன் என்று பிரித்துக் கொடுங்கள். செய்ததை மெல்லியதாகத் தட்டினால்தான் சீக்கிரம் காயும். தடிமனாக இருந்தால் நாளாகும், வெடிக்கவும் செய்யும். உப்பு மிக அதிகம் என்பதால் வாயில் போடும் பழக்கம் உள்ள பிள்ளை பக்கத்தில் நீங்கள் இருந்தாக வேண்டும், தின்னவிடக் கூடாது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாத உயரத்தில் காயவையுங்கள், இந்த மாவு நாய்க்கு விஷம் மாதிரி.